கடல் பார்த்த அறை

கடற்கரைக் குடைகள் எல்லாம் ஒரே நீலமாக இருந்தன.

கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, மகள் நீட்டிய திரையை அவள் வாங்கிப் பார்த்தாள்.

"கிரேக்கத்தில ஒரு தீவு அம்மா. ஹோட்டல் வாசலிலயே கடல். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ, புக் பண்ணுவம்."

ஆரபி மூன்று ஹோட்டல்களைப் பார்த்து வைத்திருந்தாள். இரண்டை அவளே தள்ளிவிட்டாள். ஒன்றில் விடிய விடியப் பாட்டாம். மற்றதில் கடலுக்கு நிறையப் படி இறங்க வேண்டுமாம், அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. மிஞ்சியது இதுதான்.

படத்துக்குக் கீழே ஊரின் பெயர் இருந்தது. அவள் படித்தாள்.

இன்னொரு முறை படித்தாள்.

எழுத்தில் அந்தப் பெயரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன்பு காதால் கேட்டதுதான். நனைந்த உடுப்போடு அவர்களைத் தரையில் இருத்திவைத்து, ஒரு பொலிஸ்காரன் நிலத்தைக் காட்டிக் காட்டிச் சொன்ன பெயர்.

ஒன்றும் வரவில்லை. அழுகை இல்லை. பயமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் தாடை மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தது.

"பின்னேரத்தில நல்ல வடிவா இருக்குமாம்," என்றாள் ஆரபி. "சைவச் சாப்பாடும் இருக்கு. நிலவனுக்குச் சின்னக் குளம் ஒண்டும் இருக்கு."

ஆரபியின் மகன் நிலவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று வயது. இன்னும் கடல் பார்த்ததில்லை.

இந்த வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் மலைதான். உப்புத் தண்ணீர் பட்டால் தனக்கு உடம்பு கடிக்கும் என்று அவள் கணவர் சொல்லிவிடுவார். அப்பாவுக்கு ஒத்துவராது என்று ஆரபியும் நம்பி வளர்ந்தாள்.

அவர் சன்னலோரக் கதிரையில் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர்?"

ஆரபி சொன்னாள். ஜெர்மன்காரர் சொல்வது போலச் சொன்னாள். ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது.

எழுந்து போய், ஏற்கெனவே கழுவிவைத்த கோப்பையை மறுபடி கழுவத் தொடங்கினார்.

"இந்தமுறையும் மலைக்கே போவம்," என்றார், திரும்பாமல்.

"ஒவ்வொரு வருசமும் இதைத்தானே சொல்லுறீங்கள் அப்பா. ஆழமே இல்லையாம். போய் வந்த ஆக்கள் எழுதியிருக்கினம். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதானாம்."

ஆழமில்லை.

அன்றைக்குக் களவாக ஏற்றிவந்த வள்ளக்காரனும் அதையேதான் சொன்னான். கையை இடுப்பில் வைத்துக் காட்டினான். விடியத் தொடங்கிவிட்டது, இனிக் கிட்டப் போனால் பிடித்துவிடுவார்கள், இறங்கி நடவுங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் அவசரப்படுத்தினான்.

அவளும் அவரும் இறங்கினார்கள். அவளுடைய தம்பி பகீரதனும் இறங்கினான். ஆரபி அப்போது வயிற்றில்.

அவர் அவளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தம்பியைப் பிடிக்க வேறு கை இல்லை.

"நான் முன்னுக்குப் போய்ப் பாக்கிறன் அக்கா," என்றான் அவன். பையைத் தலையில் வைத்துக்கொண்டு போனான்.

பை கரைக்கு வந்தது.

மறுநாள், பாறைகளுக்கு அந்தப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பார்க்க விடவில்லை. அன்றைக்கே எல்லோரையும் கப்பலில் ஏற்றி வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே விசாரிக்கப் பாஷை தெரியவில்லை. ஜெர்மனிக்கு வந்தபிறகு விசாரித்தால் வந்த வழி தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார்கள். பயம் போனபோது கேட்கிற எண்ணமும் போயிருந்தது.

சண்டையில் செத்த மாமா என்று ஆரபிக்குச் சொல்லிவைத்தார்கள். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவள் படத்தை விரலால் நகர்த்தினாள். வலது ஓரத்தில் பாறைகள் வந்தன. படம் அதோடு முடிந்தது. அடுத்த படத்தில் காலைச் சாப்பாட்டு மேசை. வத்தகப்பழத்தை மெல்லிசாக வெட்டி அடுக்கியிருந்தார்கள்.

அடுத்ததில் அறை. வெள்ளை விரிப்பு. வெள்ளைத் துவாய்.

"என்னம்மா, சரியில்லையோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

"புக் பண்ணு."

குழாய்ச் சத்தம் நின்றது.

அவர் மறிப்பார் என்று நினைத்தாள். அவர் மறிக்கவில்லை. கையைத் துடைக்காமலே வந்து அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். விரல்களிலிருந்து மேசைமேல் தண்ணீர் சொட்டியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரபியால் நம்ப முடியவில்லை. மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகத் தட்டினாள்.

"தோட்டம் பாத்த அறையோ, கடல் பாத்த அறையோ?"

"கடல் பாத்தது," என்றார் அவர்.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சிரித்தாள். மறுபடி குனிந்தாள்.

"ஹோட்டல்காரரிட்ட வேற ஏதும் கேக்கவேணுமோ? இதில எழுதி அனுப்பலாம். கட்டில், சாப்பாடு, ஏதெண்டாலும்."

அவள் கத்தியை எடுத்தாள். மிச்ச லீக்ஸைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒண்டு கேள் பிள்ளை."

"சொல்லுங்கோ."

"அந்த ஊரில ஆக்களைப் புதைக்கிற சவக்காலை எங்க இருக்கெண்டு கேள்."

ஆரபியின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சொல்லை ஜெர்மனில் எழுதி முடித்த பிறகுதான் அவை நின்றன.