சாமி கொடுத்த பெட்டி

வெண்மதியின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்டதும், சர்க்கரை போடாத டீயே வீரமணிக்கு இனித்தது.

செஞ்சி கார் ஸ்டாண்டில் இரண்டு பேரிடமும் ஒரே மாடல் வெள்ளை வண்டிதான். ஆனால் போன் அடிப்பதெல்லாம் அவளுக்கு. பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமா, வெண்மதி. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகவேண்டுமா, வெண்மதி. அவள் பால்குடி மறக்காத காலத்திலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிற வீரமணி, வண்டியை நிழலில் போட்டுவிட்டு, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவ்வளவு ஏன், அவர் மனைவி சுமலதாவே போன மாதம் கோயிலுக்குப் போக அவளைத்தான் கூப்பிட்டாள். கேட்டால், "நீங்க வழியெல்லாம் சிடுசிடுன்னு வருவீங்க" என்றாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அனந்தபுரம் பள்ளிக்கூடத்து டீச்சர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு பேர். தினமும் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவர வேண்டும். வருசம் முழுக்க நிலையான சவாரி. அதுவும் அவளுக்கே. பொம்பளை ஓட்டினால் தைரியமாக ஏறலாமாம். இவர் ஓட்டினால் கடித்தா விடுவார்?

போன கார்த்திகையில் ஜுரம் என்று சொல்லி ஒரு வாரத்துக்கு மேல் அவள் வண்டியையே எடுக்கவில்லை. பொம்பளை டிரைவர் என்றால் இப்படித்தான், நினைத்தால் லீவு என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிப் பார்த்தார். டீச்சர்கள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனார்களே தவிர, வேறு வண்டியில் ஏறவில்லை.

இந்தத் தடவை அப்படி இல்லை. திங்கட்கிழமை பரீட்சை தொடங்குகிறது. அன்றைக்கு வண்டி வராவிட்டால் வேறு வண்டியையே வைத்துக்கொள்கிறோம் என்று டீச்சர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். செஞ்சி ஸ்டாண்டில் வேறு வண்டி என்றால் வேறு யார்?

துக்கம் விசாரிக்கப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, திண்டிவனம் ரோட்டில் இருக்கிற குருவின் பட்டறைக்குத் தன் வண்டியை விட்டார் வீரமணி.

அவள் வண்டியின் பானட் திறந்திருந்தது. மெக்கானிக் குரு லேப்டாப்பை ஒயரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெண்மதி.

"இன்னா வெண்மதி, மூளை போயிடுச்சாமே?"

"வண்டிக்குத்தாண்ணே. எனக்கு இன்னும் இருக்குது."

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். இஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று உத்தரவு போடுகிற ஈசிஎம் பெட்டி செத்துவிட்ட மாதிரி தெரிகிறது. ஒயரிங் கோளாறாகவும் இருக்கலாம். தெரியாமல் வேறு பெட்டி வாங்க முடியாது. எலக்ட்ரிக் சாமானை ஒரு தடவை வாங்கிவிட்டால் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்.

"அண்ணே, ஒங்க வண்டியும் இதே மாடல்தானே. ஒங்க பெட்டிய கொஞ்ச நேரம் இதுல மாட்டிப் பாத்துட்டுக் கழட்டிக் குடுத்துடுறேன். பெட்டிதான் கோளாறுன்னா, இன்னிக்கே சென்னைக்குச் சொல்லிடுவேன். திங்கக்கெழமைக்கு அக்கா வண்டி ரெடி ஆயிடும்."

வீரமணி தன் வண்டியின் பானட் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எந்தப் பெட்டின்னு தெரிஞ்சுதான் கேக்கறியா குரு?"

வீரமணி அந்தக் கதையைச் சொல்லாத ஆள் செஞ்சியில் பாக்கி இல்லை. போன கார்த்திகையில் சபரிமலை சவாரிக்கு முதல்நாள் சாயங்காலம், வல்லம் ரோட்டில் மழைத் தண்ணீரில் வண்டியை விட்டு, பெட்டி நனைந்து செத்துப் போனது. மாலை போட்ட சாமிகள் இருமுடி கட்டிக்கொண்டு கோயிலில் காத்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டால் அப்புறம் செஞ்சியில் எவன் இவர் வண்டியில் ஏறுவான்? சென்னைக்குச் சொல்லியிருக்கிறேன், வந்தால் உண்டு என்று குரு கையை விரித்துவிட்டான். விடிந்து வந்து பார்த்தால் வேறு பெட்டி மாட்டி, வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு.

"ஐயப்பனே எறங்கி வந்து குடுத்த பெட்டிடா அது. அதக் கழட்டிப் பொம்பள ஓட்டுற வண்டியில மாட்டச் சொல்றியா? தீட்டாயிடும்."

குரு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"விடு குரு" என்றாள் வெண்மதி. "அண்ணனுக்கு சவாரி இருக்கும்."

போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள். வீரமணி காதைத் தீட்டிக்கொண்டார்.

"டீச்சர், திங்கக்கெழமை என் வண்டி வராது. நம்ம வீரமணி அண்ணனச் சொல்லிவிடுறேன். நிதானமா ஓட்டுவாரு. பயப்படாம ஏறுங்க."

எத்தனை நாள் எரிச்சல். அத்தனையும் குளிர்ந்து போயிற்று வீரமணிக்கு. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தியா, ஐயப்பன் இருக்கான்" என்றார்.

குரு லேப்டாப்பை மூடினான்.

"அன்னிக்கு சென்னையில பெட்டியே கெடைக்கலண்ணே. சாமிங்க காத்துக்கிட்டு இருக்காங்கன்னு, அக்காதான் அவங்க வண்டியிலேர்ந்து கழட்டி ஒங்களுக்கு மாட்டச் சொன்னாங்க. தெரிஞ்சா வாங்கமாட்டாரு, சொல்லிடாதன்னாங்க. ஒங்களுக்குன்னு அப்பால வந்த பழைய பெட்டியத்தான் அவங்களுக்குப் போட்டேன். அதான் இப்ப செத்துக் கெடக்குது."

வீரமணியின் கை தானாகப் பானட்டை விட்டு இறங்கியது.

"அப்ப... அவளுக்கு வந்த ஜுரம்?"

"ஜுரமாவது ஒண்ணாவது. பெட்டி இல்லாம அவங்க வண்டி வீட்டுல நின்னுச்சு. ஒங்க வண்டிய பம்பை வரைக்கும் கொண்டுபோயிட்டுக் கொண்டாந்தது அந்தப் பொம்பள வண்டிப் பெட்டிதாண்ணே."