பறிக்காமல் விட்ட காய்

மாமனாரின் கை மக்காச்சோளத் தோகைக்குள் முழங்கை வரை போய்விட்டது.

"இங்க வாம்மா," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

மருமகள் கூடையோடு அப்படியே நின்றாள். மொட்டை மாடியில் ஓடி ஒளிய இடம் ஏது? இருப்பது ஒரே படிக்கட்டு. அதன் அடியில் நாற்காலி போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனாலென்ன, அதிகாரம் படி ஏறுமே! சுவரை ஒட்டிப் பத்துத் தொட்டியில் சோளம், சோளத்தண்டைப் பிடித்து ஏறக் கொடி பீன்ஸ், தினமும் பறிக்க மருமகள், அவள் ஒழுங்காகப் பறித்தாளா என்று பார்க்க மாமனார். சுவர்ப்பக்கம் அவள் கைக்கு எட்டாது, அந்தப் பக்கத்துக் காய் அவர் பொறுப்பு. முப்பத்தைந்து வருஷமாக "சரி" என்ற ஒரே வார்த்தையில் குடும்பம் நடத்திவிட்ட மனுஷன் அவர்.

கணவன் வேலை பார்க்கும் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கும் வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். மாமியார் சொன்னது இவ்வளவுதான்: "காய்க்கிற கொடியை அம்போன்னு விட்டுட்டுப் போறதா? காய்ப்பு நிக்கட்டும், அன்னிக்கே போ."

கொடி பீன்ஸோ பறிக்கப் பறிக்கக் காய்க்கிற ஜாதி. காயை முற்றவிட்டால்தான் பூப்பதை நிறுத்தும். அதனால் வேலைக் கடிதம் வந்த மறுநாளே, தோகை மறைவில் நாலே நாலு காயைப் பறிக்காமல் விட்டாள். அதற்கு மேல் விட நெஞ்சில் தெம்பு இல்லை.

நாலு காயை நம்பிப் பத்துத் தொட்டிக் கொடி நிற்குமா என்று அவளுக்கே சந்தேகம்தான். ஆனால் பூ மளமளவென்று குறைந்தது; இந்த வாரம் கூடையின் அடிகூட மறையவில்லை. எல்லாம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

நல்ல நேரமாவது! இப்போது மாமனார் கையில் சருகாய்க் காய்ந்த ஒரு நெற்று. ஆட்டிப் பார்த்தார், உள்ளே விதை கலகலத்தது.

"இது என்னம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் மாமா விட்டேன். வேணும்னேதான். இங்க எனக்கு மூச்சு முட்டுது மாமா. அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." கண் நிறைந்துவிட்டது.

"மேல என்ன ரகசியம்?" கீழேயிருந்து குரல் வெடித்தது. "சோளம் பால் பிடிச்சுதா? கொடியில காய் இருக்கா, இல்லையா?"

மாமனார் ஒரு கதிரின் உறையை விலக்கி, மணியொன்றை நகத்தால் கிள்ளினார். பால் எட்டிப் பார்த்தது. "சோளம் தயார், ஒடிச்சிடலாம்!" என்று கத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கொடி ஓஞ்சு போச்சு! மருந்துக்குக்கூட ஒரு பூ இல்ல!"

கீழே நாற்காலி கிரீச்சிட்டது. "சரி, அப்போ அவளைக் கிளம்பச் சொல்லுங்க," என்றாள் மாமியார். என்ன இருந்தாலும் சொன்ன சொல் மாறாதவள்.

மருமகளால் நம்ப முடியவில்லை. "எனக்காகப் பொய் சொன்னீங்களா மாமா?"

"பொய் ஏதும்மா? நிஜமாவே ஓஞ்சு போச்சு." சுவர்ப்பக்கத்துத் தோகையை அவர் மெல்ல விலக்கினார். "நீ விட்டது நாலுதான். பாக்கி நாப்பதும் நான் விட்டது."