குறை சொல்ல முடியாத டயர்

"டயர் மேல பட்டன் நெருக்கமா இருக்கு மாமா," என்றேன். "நடுவுல சேறு அப்பிக்கும்."

மாமா டயரைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். கடைக்காரர் அதை மறுபடி கொக்கியில் மாட்டினார்.

இன்னொரு டயர் ஒழிந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் கல்லூரிக்குப் போகிறேன். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

ஞாயிறு விடிந்ததும் மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு மாமாவோடு காட்டுப் பாதையில் போக வேண்டும். குளிர்காலத்தில் அது பாதை இல்லை. கரைத்து ஊற்றிய களிமண்.

இந்தக் குளிருக்கு முதல் தடவை போனபோதே விழுந்தேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கியது சாக்கு என்பார்கள். எனக்கு நிஜமாகவே சறுக்கியது. டயர் இரண்டும் மொட்டை. நல்ல டயர் கிடைக்கும்வரை யாரும் கிளம்பக் கூடாது என்று அக்கா தடை போட்டாள்.

அடுத்த ஞாயிறு வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். சொர்க்கத்தில் போர்வை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

ஆகவே இன்று டயர் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் குளிர்காலம் முழுக்கப் போச்சு.

வரமாட்டேன் என்று நேராகச் சொல்லவும் வழியில்லை. "ஆபீஸ்ல மனசு விட்டுப்போயிருக்கார்டா. உன்கூடப் போனாதான் மனுஷனா திரும்பி வர்றார்," என்று அக்கா சொல்லியிருந்தாள். ஓசிச் சோறு தின்கிறவன் ஒரு மனிதரை அப்படியே விட்டுவிட முடியுமா?

"விலையும் கம்மியா இருக்கணும்," என்று அவ்வப்போது ஒரு நிபந்தனையும் போட்டேன். பட்டன்கள் தள்ளித்தள்ளி இருந்தால் விலை ஏறியது. விலை இறங்கினால் ரப்பர் கல்லாக இருந்தது, ஈர வேரில் ஏறினால் வழுக்கும். இரண்டுக்கும் தப்பிய ஒன்றோ ஃபிரேமில் உரசும் அளவுக்குப் பருமன். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்துக்கொண்டு போனதில்லை.

ஆச்சரியம், மாமா என்னை மிஞ்சினார்.

ஒன்றைக் கனம் என்றார். ஒன்று சேற்றின் மேலேயே மிதக்கும், இறங்கிப் பிடிக்காது என்றார். ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு வாசனை சரியில்லை என்றார். மருமகளின் குழம்பை ருசி பார்க்கும் மாமியார்கூட இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொள்வாள்.

கடைக்காரர் பின்பக்கம் போனார்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "மச்சான், தப்பா நினைக்காத. இந்த வருஷம் சைக்கிள் வேணாம்டா. முட்டி ரெண்டும் போச்சு. நீ ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்க, உன்ன வெளிய கூட்டிட்டுப் போகணும்னு உங்கக்கா சொன்னா. அதுக்காகத்தான் இத்தனை நாளா வந்தேன்."

"எனக்காகவா?"

"பின்ன?"

"மாமா, நான் உங்களுக்காக வந்தேன்."

இத்தனை குளிர்காலமாக, முன்னால் போன சேற்று முதுகும் பின்னால் வந்த சேற்று முகமும் ஒருவருக்கொருவர் தியாகம் செய்துகொண்டிருந்திருக்கின்றன.

"ஊரெல்லாம் தேடியாச்சு, கிடைக்கலன்னு சொல்லிடுவோம்," என்று மாமா கையை நீட்டினார். குலுக்கினேன். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

கடைக்காரர் திரும்பி வந்தார். கையில் டயர் இல்லை. கழுவித் தருகிறேன் என்று நாங்கள் வந்ததுமே வாங்கிப் பின்பக்கத்துப் பையனிடம் கொடுத்திருந்த எங்கள் சைக்கிள்களை இரண்டு கையிலும் உருட்டிக்கொண்டு வந்தார்.

நான்கு சக்கரத்திலும் புது டயர். பட்டன்கள் உயரமாக, தள்ளித்தள்ளி. ரப்பர் மெத்தென்று இருந்தது. எங்கும் உரசவில்லை.

"போன வருஷத்து ஸ்டாக், பாதி விலைதான். உங்க வீட்டு மேடம் போன வாரமே வந்து எடுத்து வெச்சுட்டாங்க சார்," என்றார். "நீங்க ரெண்டு பேரும் குறை சொல்லி முடிக்கட்டும், அதுவரைக்கும் காட்டாதீங்கன்னாங்க. வாரத்துல ஞாயித்துக்கிழமை காலை ஒண்ணுதான் அவங்களுக்கு வீடு வீடா இருக்காம்."

மாமா முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "பிடிப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார், தன் கயிற்றைத் தானே சோதித்துப் பார்க்கும் தூக்குக் கைதியைப் போல.

"காத்து கொஞ்சம் கம்மி," என்றேன்.

கடைக்காரர் பம்ப்பை எடுத்தார்.