கூட இருந்தவர் பெயர்

விசா அலுவலகக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வெல்டருக்கு விண்ணப்பத்தில் கண் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவன் தங்கை புருஷன், சற்றுமுன் கைக்கு வந்த பாஸ்போர்ட்டைத் திறந்து, விசா ஒட்டிய பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறான். அதன் மினுமினுப்பு வெல்டரின் சட்டைமேல் வந்து வந்து விழுகிறது. வயிறு பற்றி எரிகிறது. ஆறு வருஷத்துக்கு முந்தைய பட்டறை அடிதடியில் மேஸ்திரி மண்டையைப் பிளந்த கம்பி இந்த மாப்பிள்ளை கையில்தான் இருந்தது. போலீஸ் வந்தபோது, "தங்கச்சி மாசமா இருக்கா, ஓடுங்க" என்று தோள் கொடுத்து மதில் ஏற்றிவிட்டதென்னவோ வெல்டர்தான். மாட்டிக்கொண்டதும் அவன் ஒருத்தன்தான்.

"கேஸ்தான் தள்ளுபடி ஆயிடுச்சேம்மா" என்கிறான் வெல்டர், 'எப்போதாவது கைதானதுண்டா?' என்ற கேள்வியைக் காட்டி.

"ஆனாலும் கைது கைதுதான் சார்" என்கிறாள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண். "ஆமான்னு போட்டுட்டு, என்ன நடந்துச்சு, கூட யார் இருந்தாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அப்புறம் மேல பார்த்து முடிவு பண்ணுவாங்க."

எழுதுகிறான். தேதி, பட்டறை, லாக்கப்பில் கிடந்த மூன்று நாள், எல்லாம் மளமளவென்று வருகிறது. 'கூட இருந்தவர்' என்ற வரிக்கு மேலே வந்து பேனா அந்தரத்தில் நிற்கிறது. ஒரே ஒரு பெயர் போதும், அந்த மினுமினுப்பு அணைந்துபோகும். விரல் நுனி வெளுக்கும் அளவுக்குப் பேனாவை இறுக்குகிறான்.

மாப்பிள்ளை எட்டிப் பார்க்காமலே தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டுகிறான்.

"மை தீர்ந்துபோச்சா மச்சான்? இந்தாங்க, இதுல எழுதுங்க. ராசியான பேனா."