சிவப்பில் ஒரு அதட்டல்

ஜன்னல் வழியே வரும் காலை வெயில் கீபோர்டில் பாதியை மட்டும் பளபளக்க வைக்கிறது. அக்காவின் நாற்காலியில் இப்போது தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அக்கா காபிக் கோப்பையோடு பின்னால் நின்று முறைக்கிறாள். இருவருக்கும் ஒரே அலுவலகம். நாள் முழுக்க கம்ப்யூட்டருக்குக் கட்டளை தட்டுகிற வேலை. அக்காவின் விரல்கள் பறக்கும். அவசரத்தில் ஏதாவது தப்பாக விழுந்தால், "இதுவா?" என்று கருப்புத் திரை வேறொரு கட்டளையைக் காட்டிக் கேட்கும். படித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. கை தானாகப் போய் 'ஆம்' என்று தட்டிவிடும். நேற்று அப்படித் தட்டியதில் அலுவலகம் முழுக்க ஒரு மணி நேரம் மெயில் நின்றுபோனது.

"என் கம்ப்யூட்டர்ல என்னடி நோண்டுறே?"

"அது கேக்கற கேள்வி உனக்கு உறைக்கலக்கா. அதான் வார்த்தையை மாத்திட்டேன்." தங்கை ரொம்ப நல்ல பிள்ளையாக எழுந்து இடம் விடுகிறாள். "எப்பவும் போல தட்டு."

அக்கா உதட்டைச் சுழித்தபடி உட்கார்ந்து தட்டுகிறாள். வழக்கம் போலத் தப்பு. வழக்கம் போல விரல் 'ஆம்' பக்கம் பாய்கிறது. திரையில் சிவப்பாக எழுகிறது: "அடி அவசரக்குடுக்கை! கொஞ்சம் நிதானமாப் பாருடி. இதையா கேட்டே?"

வீட்டில் அம்மா நாளுக்குப் பத்து தடவை சொல்வது, ஒரு சொல் மாறாமல். விரல் பாதி வழியில் நின்று, மெல்ல மடிக்கு இறங்குகிறது.

"சரிம்மா" என்கிறாள் அக்கா, திரையைப் பார்த்து, வாய்விட்டே.