ஒத்திகை பார்த்த இதயம்

தங்கதுரைக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது.

“பயப்படாதீங்கம்மா. ஸ்கேனை வச்சு கம்ப்யூட்டர்ல உருவாக்குன அவரோட நகல்ல ஆபரேஷனை ஒத்திகை பாத்தாச்சு” என்றார் டாக்டர் ஷெரின். அவர் தங்கதுரையை இன்னும் நேரில் பார்த்ததுகூட இல்லை.

கையெழுத்துப் போட வந்த மனைவி ராஜகனிக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. வெறும் படத்தை அறுத்துவிட்டு வந்தவருக்குக் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?

“மயக்க மருந்து ஏறும்போது ‘எலிக்குட்டி’ன்னு கூப்பிடுவாரு. யாரும்மா அது? பக்கத்துல இருந்தா நல்லது.”

ராஜகனி பேனாவைக் கீழே வைத்தாள். அறைக் கதவைச் சாத்திய பிறகு மட்டும் தங்கதுரை அவளைக் கூப்பிடும் பெயர் அது.

“நான்தான். எத்தனை தடவ கூப்பிட்டாரு?”

“ஒவ்வொரு ஒத்திகையிலயும்.”

“பொழச்சது?”

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டார்.

“கடைசித் தடவ மட்டும்.”