தேதி மட்டும் தப்பு

வாங்கி எட்டே மாதமான கார், மூன்றாம் தேதி காலை வாசலில் நின்றபடியே செத்துப்போனது. விளக்கில்லை, ஹாரனில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப்போனோம். மறுநாளே வாரண்டி கிடையாது என்றார் மேனேஜர்.

“வயரிங் பூரா தண்ணி சார். வெள்ளத்துல முங்குன வண்டிக்கு வாரண்டி இல்ல.”

“நாலு மாசமா ஒரு தூறல்கூட இல்லையேங்க!”

வண்டியின் கம்ப்யூட்டர் பதிவை அச்செடுத்து நீட்டினார். தண்ணீர் புகுந்த நாள்: இதே மாதம் பத்தொன்பது. நேரம்: மாலை 5.40. முன்சீட் பெல்ட்டுகள்: இரண்டும் போடப்பட்டிருந்தன.

“பத்தொன்பது இன்னும் வரவே இல்லையே?”

“தேதி தப்பா இருக்கலாம் சார். தண்ணி தப்பில்ல.”

தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: பதிவு சரிபார்க்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை.

“விடுங்க,” என்றாள் மனைவி. “தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன? நம்ம செலவுலயே சரி பண்ணச் சொல்லுங்க.”

சொன்னேன். இன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டார். வண்டி தயாராம்.

காலண்டரைப் பார்த்தேன். பத்தொன்பது.

“நாளைக்கு எடுத்துக்கலாமா?”

“நாளையிலேருந்து நாலு நாள் லீவு சார். அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க.”

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் பொட்டு மேகமில்லை.

“நீ வீட்லயே இரு,” என்றேன் மனைவியிடம்.

அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

“நானும் வரேன். தனியாப் போனா நீங்க பெல்ட்டே போட மாட்டீங்க.”